பிரசவத்தின் கடைசி மணி நேரங்கள்: பிறப்புக் காய வழக்குகளை ஆராய்ந்ததில் கற்றவை

பிறப்புக் காயங்கள் தொடர்பான மருத்துவக் கவனக்குறைவுச் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்வதாகச் சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலோர் அடுத்துக் கேட்பது நான் மருத்துவர்கள் பக்கமா, பாதிக்கப்பட்டவர்கள் பக்கமா என்பதைத்தான். தீர்ப்புகளைப் படிக்கப் படிக்க அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. பராமரிப்பில் குறை இருந்ததை மருத்துவமனையே ஒப்புக்கொண்ட வழக்குகள்கூட, அந்தக் குறைதான் குழந்தையின் இன்றைய நிலைக்குக் காரணமா என்ற இடத்தில் ஆண்டுக்கணக்கில் சிக்கி நிற்கின்றன. எந்த நிமிடத்தில் ஆபத்து தெரிந்தது, எந்த நிமிடத்துக்குள் குழந்தையை வெளியே எடுத்திருக்க முடியும், எந்த நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கியது என்ற மூன்றையும் ஒரே கால வரிசையில் வைத்துப் பார்க்கப் பழகியவருக்கே இந்தத் துறை பிடிபடும். இதே துறையில் ஆய்வைத் தொடங்க நினைப்பவர்களுக்கும், சட்டம் தங்களிடம் எதைக் கேட்கும் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

சட்டம் படித்துவிட்டு இந்த ஆய்வுக்குள் வருபவர்கள் முதல் சில மாதங்களுக்குத் தீர்ப்புகளை மூடி வைத்துவிட்டு மருத்துவத்தைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறப்புக் காயம் என்ற ஒரே தலைப்பின் கீழ், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பாதிப்புகள் அடங்கியிருக்கின்றன. தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும்போது, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் இழுபட்டுக் கை செயலிழப்பது ஒரு வகை. ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்து மூளை பாதிக்கப்பட்டு, பின்னாளில் அது உடல் அசைவையும் தசைக் கட்டுப்பாட்டையும் குலைக்கும் பெருமூளை வாதமாக வெளிப்படுவது முற்றிலும் வேறு வகை. முதலாவதில் கையால் என்ன செய்தார்கள் என்பது கேள்வி. இரண்டாவதில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பது கேள்வி. இவற்றோடு தாய்க்கு ஏற்படும் காயங்களும் உண்டு. ஆசனவாய்த் தசை வரை செல்லும் மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல்களும், நீண்ட நேரம் முடியாமல் போன பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உண்டாகும் ஃபிஸ்டுலா என்னும் துளையும் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் மாற்றக்கூடியவை. குழந்தை நலமாகப் பிறந்துவிட்டால் தாயின் காயத்தைக் காயமாகவே எண்ணாத போக்கு மருத்துவத்திலும் உண்டு, சட்டத்திலும் உண்டு. விபத்துக் காயங்களுக்குத் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு தரும் முறையை 1974-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த நியூசிலாந்துகூட, தாய்க்கு ஏற்படும் பிறப்புக் காயங்களைப் பட்டியலிட்டு அந்த முறைக்குள் சேர்த்தது 2022 அக்டோபரில்தான்.

பெருமூளை வாதத்தைப் பொறுத்தவரை, அதன் மருத்துவ வரலாற்றைப் படிக்காமல் வழக்குகளைப் படிப்பது வீண். கடினமான பிரசவத்தையும் பின்னாளில் தெரியவரும் கைகால் விறைப்பையும் இணைத்து, 1861-ல் லண்டனில் மகப்பேறு மருத்துவர்கள் கூடிய அவையில் பேசியவர் வில்லியம் ஜான் லிட்டில் என்னும் எலும்பு அறுவை மருத்துவர். 1897-ல் இந்தக் கருத்தை மறுத்து, கடினமான பிரசவமே சில வேளைகளில் கருவில் முன்னரே தோன்றிய கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்று எழுதியவர், அப்போது நரம்பியல் மருத்துவராகப் பணியாற்றிய சிக்மண்ட் பிராய்ட். இன்றைக்கும் நீதிமன்றத்தில் வாதியின் நிபுணர் ஏறக்குறைய லிட்டிலின் இடத்தில் நிற்கிறார், எதிர்த்தரப்பு நிபுணர் பிராய்டின் இடத்தில் நிற்கிறார். 1980-களிலிருந்து வந்த பெரிய ஆய்வுகள், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் ஒரு சிறு பங்கினருக்கே பிரசவ நேர ஆக்சிஜன் குறைவு காரணமாக இருக்கிறது என்று காட்டின. இதைக் கேட்டதும் மருத்துவமனைகளின் பக்கம் காற்று வீசுவதாகத் தோன்றும். ஆனால், ஒரு கூட்டத்தைப் பற்றிய விகிதம் ஒரு குழந்தையைப் பற்றி எதையும் முடிவு செய்வதில்லை. அந்தச் சிறு பங்கில் இந்தக் குழந்தை இருக்கிறதா என்பதே வழக்கு.

அதைத் தீர்மானிக்க மருத்துவம் சில அடையாளங்களை வைத்திருக்கிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடித் தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.0-க்குக் கீழே இருந்ததா, வர்ஜீனியா ஆப்கர் 1953-ல் வெளியிட்ட, பிறந்த குழந்தையின் நிலையை அளக்கும் பத்துப் புள்ளி மதிப்பெண் முறையில் ஐந்தாவது, பத்தாவது நிமிட மதிப்பெண்கள் ஐந்துக்குக் குறைவாக இருந்தனவா, முதல் நாளிலேயே வலிப்பு வந்ததா, மற்ற உறுப்புகளும் பாதிக்கப்பட்டனவா என்பவை அவற்றுள் முக்கியமானவை. எம்ஆர்ஐ படமும் பேசும். ரத்த ஓட்டம் திடீரென ஏறக்குறைய முழுமையாக நின்றுபோனால் மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. குறைந்த அளவில் நீண்ட நேரம் தடைபட்டால் வெளி ஓரத்தில், ரத்தக்குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. முதல் வகைப் படம் நிமிடங்களைப் பற்றிய வழக்கு, இரண்டாவது மணி நேரங்களைப் பற்றிய வழக்கு என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குத் தீர்ப்புகளின் நடுப்பகுதிகள் விளங்கத் தொடங்கின. மகப்பேறு மருத்துவர் ஒருவரிடமும், பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவரிடமும் தனித்தனியே பாடம் கேட்பது நல்லது. ஒரே நிகழ்வை ஒருவர் முன்னாலிருந்து பார்க்கிறார், மற்றவர் பின்னாலிருந்து பார்க்கிறார். இருவரும் ஒரே அறையில் இருந்தால் ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்துப் பேசிவிடுவார்கள்.

பிரசவத்தின்போது குழந்தையின் துடிப்பையும் தாயின் வலியையும் பதியும் கருவியான சிடிஜியின் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டது இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பயிற்சி. தாளின் மேல் பாதியில் குழந்தையின் இதயத் துடிப்பு ஓடும். கீழ்ப் பாதியில் கர்ப்பப்பை இறுகித் தளர்வது மேடு மேடாகத் தெரியும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரையிலான அடிப்படைத் துடிப்பு, அதில் ஐந்து முதல் இருபத்தைந்து வரையிலான ஏற்ற இறக்கம், வலி வரும்போது துடிப்பு இறங்குகிறதா, இறங்கினால் வலி முடிந்தபின் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். தாள் நகரும் வேகம் பல நாடுகளில் நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர், அமெரிக்காவில் மூன்று சென்டிமீட்டர். ஒரு வேகத்தில் பழகிய கண்ணுக்கு மற்ற வேகத்தில் ஓடிய தாள் வேறு கதை சொல்லும்: அதே இறக்கம் ஒன்றில் கூர்மையாகவும் மற்றதில் அகன்றும் தெரியும். ஆகவே வெளிநாட்டு நிபுணரின் அறிக்கையைப் படிக்கும்போது, அவர் எந்த வேகத்தில் பழகியவர் என்று கவனிக்க வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு. பிரசவத்தின் இறுதிக் கட்டத்தில் கருவி சில வேளைகளில் குழந்தையின் துடிப்பை விட்டுவிட்டுத் தாயின் நாடியைப் பிடித்துக்கொள்ளும். வலி வரும்போதெல்லாம் துடிப்பு இறங்குவதற்கு மாறாக அழகாக ஏறுகிறது என்றால், அது தாய் முக்கும்போது ஏறும் தாயின் நாடியாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோற்றமளிக்கும் அந்தத் தாளுக்குப் பின்னால், குழந்தையின் துடிப்பு என்னவாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

பெரும்பாலான பழைய தாள்கள் வெப்பத்தால் அச்சாகும் வகையைச் சேர்ந்தவை. கடை ரசீது போலவே வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கிவிடும். குழந்தைக்குப் பல வயதான பிறகு ஆவணத்தைப் பெறும் குடும்பத்துக்குக் கிடைப்பது வெறும் கட்டம் போட்ட தாளாக இருப்பதும் உண்டு. கருவியின் கடிகாரம், சுவர்க் கடிகாரம், செவிலியரின் கைக்கடிகாரம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தைக் காட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆறேழு நிமிட வேறுபாடு மற்ற வழக்குகளில் பொருட்டே அல்ல; இங்கே அதுவே வழக்கின் போக்கைத் திருப்பும். அதனால், படிக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் நான் ஓர் அட்டவணை போடுகிறேன். நிகழ்வு நடந்த நேரம், அந்த நேரத்தைச் சொல்லும் ஆவணம், எழுதியவர், அவர் அதை எழுதிய நேரம் என நான்கு பத்திகள். கடைசிப் பத்திதான் அதிகம் உழைக்கிறது. அவசரம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதுவது இயல்பானது. நேர்மையாக 'பின்னர் எழுதியது' என்று குறித்திருந்தால் அதில் குற்றம் காண நான் விரும்புவதில்லை. குறிக்காமல் எழுதியிருந்தால் அந்த ஒரு வரி, சரியாக எழுதப்பட்ட மற்ற வரிகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது.

சிடிஜியின் மீது நீதிமன்றங்கள் வைக்கும் நம்பிக்கைக்கும், மருத்துவ ஆய்வுகள் அதற்குத் தரும் மதிப்புக்கும் இடைவெளி பெரிது. தொடர்ச்சியாகச் சிடிஜி எடுப்பதால் பச்சிளங்குழந்தைகளின் வலிப்பு குறைகிறது, சிசேரியன் கூடுகிறது, ஆனால் பெருமூளை வாதம் குறைவதாகத் தெரியவில்லை என்பதே சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் கிடைத்த முடிவு. ஆயினும், கருவி பொருத்தப்பட்டு, அது எச்சரித்து, அந்த எச்சரிக்கையை யாரும் பார்க்கவில்லை என்றால், கருவி பொதுவாக எவ்வளவு நம்பகமானது என்ற வாதம் நீதிபதியிடம் எடுபடுவது கடினம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இனி, தவறு என்று சட்டம் எதைச் சொல்கிறது என்ற பகுதி. இதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957-ன் போலம் வழக்கில் வந்த அளவுகோலின்படி, அந்தத் துறையில் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரியென ஏற்கும் முறையில் நடந்துகொண்ட மருத்துவர் கவனக்குறைவாக நடந்தவர் ஆகமாட்டார். 1997-ல் போலிதோ வழக்கில் அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை, அந்தச் சாராரின் கருத்து தர்க்கத்துக்கும் நிற்க வேண்டும் என்று சேர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் போலம் அளவுகோலை ஏற்றுக்கொண்டு, குற்றவியல் வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான கவனக்குறைவு வேண்டும் என்று வகுத்தது. பிறப்புக் காயத்தை ஆராய்பவர் இவற்றுக்கெல்லாம் முன்பாகப் படிக்க வேண்டியது, 1981-ன் வைட்ஹவுஸ் எதிர் ஜோர்டன் தீர்ப்பு. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க முயன்று, ஐந்தாறு முறை இழுத்தும் வராமல், பிறகு சிசேரியன் செய்யப்பட்ட 1970-ஆம் ஆண்டுப் பிரசவம் அது. மிக நீண்ட நேரம், மிக வலுவாக இழுத்தார் என்று விசாரணை நீதிபதி முடிவு செய்தார். மேல்முறையீட்டில் அது மாறியது. பிரபுக்கள் அவை மேல்முறையீட்டு முடிவையே உறுதி செய்தது. கணிப்புப் பிழை என்றாலே அது கவனக்குறைவு ஆகாது என்ற வாதத்தையும் அந்த அவை ஏற்கவில்லை. பிழை எத்தகையது என்று பார்க்க வேண்டும் என்றது. நிபுணரின் அறிக்கை வழக்கறிஞரின் கைவண்ணமாக இல்லாமல் நிபுணருடைய சொந்தக் கருத்தாக இருக்க வேண்டும் என்று அங்கே வில்பர்போர்ஸ் பிரபு சொன்னது இன்றைக்கும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. மூன்று நிலைத் தீர்ப்புகளையும் வரிசையாகப் படியுங்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பில் சட்டம் இருக்கும். பிரசவ அறை விசாரணை நீதிமன்றத் தீர்ப்பில்தான் இருக்கும்.

காரணத் தொடர்புக்கு வருகிறேன். 1988-ன் வில்ஷர் வழக்கில், குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் குழாய் தமனிக்குப் பதிலாகச் சிரையில் செருகப்பட்டதால் ஆக்சிஜன் அளவுக்கு அதிகமாகக் கொடுக்கப்பட்டது. குழந்தைக்குப் பார்வை போனது. தவறு நடந்தது உண்மை. ஆனால் அந்தப் பார்வையிழப்புக்கு மொத்தம் ஐந்து காரணங்கள் இருக்க முடியும், ஆக்சிஜன் அதில் ஒன்று மட்டுமே என்பதால், அதுவே காரணம் என்று அனுமானிக்க முடியாது எனப் பிரபுக்கள் அவை மறுவிசாரணைக்கு அனுப்பியது. இந்தத் தீர்ப்பை முதலில் படிக்கும்போது யாருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது. சில மாதங்கள் கழித்து, அந்த ஐந்து காரணங்களையும் மருத்துவ நூலில் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தபின், நீதிபதிகளின் சங்கடம் புரிந்தது. அதனால் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

பிரசவ நேர மூளைப் பாதிப்பில் இந்தக் கணக்கு நிமிட அளவுக்கு நுணுகிவிடுகிறது. குழந்தையின் துடிப்பு திடீரென விழுந்து மீளாத வகை வழக்குகளில், முதல் பத்து நிமிடம் வரை மூளை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும், அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் பாதிப்பு கூடும் என்ற அடிப்படையில் நிபுணர்கள் சாட்சியம் அளிப்பது வழக்கம். விலங்குகளில் செய்த பழைய சோதனைகளே இந்த மாதிரிக்கு வேர். ஒரு கற்பனை வழக்கில் வைத்துப் பார்க்கலாம். பத்து மணிக்குத் துடிப்பு விழுகிறது, குழந்தை 10:32-க்குப் பிறக்கிறது, 10:22-க்கே எடுத்திருக்க வேண்டும் என்று மருத்துவமனை ஒப்புக்கொள்கிறது. மருத்துவமனையின் வாதம்: 10:22-க்குப் பிறந்திருந்தாலும் பத்து நிமிடம் கடந்துவிட்டது, குழந்தை எப்படியும் பாதிக்கப்பட்டிருக்கும். குடும்பத்தின் வாதம்: பாதிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் நடக்கவும் பேசவும் முடிந்திருக்கும். கூடுதல் பாதிப்பைத் தனியே பிரிக்க முடிந்தால் அதற்கு மட்டும் இழப்பீடு. பிரிக்கவே முடியாது என்றால், 1956-ல் தொழிற்சாலைத் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளியின் வழக்கில் வகுக்கப்பட்ட 'கணிசமான பங்களிப்பு' (தவறு பாதிப்புக்குக் கணிசமாகப் பங்களித்திருந்தாலே போதும்) என்ற கோட்பாட்டை வழக்கறிஞர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். துடிப்பு விழுந்தது பத்து மணிக்கா, 10:06-க்கா என்பது கோடிக்கணக்கான தொகையைத் தீர்மானிக்கும் இடம் இது. கடிகாரங்களைப் பற்றி மேலே அவ்வளவு எழுதியதன் காரணமும் இதுவே. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் குழந்தையின் உடலை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கும் சிகிச்சை பரவிய பிறகு, பிரசவத்துக்குப் பின்னான தாமதமும் தனி வழக்காகத் தொடங்கியிருக்கிறது. குளிர்வித்தால் பயன் பெறும் குழந்தைகள் உண்டு, பெறாத குழந்தைகளும் உண்டு. இந்தக் குழந்தை எந்தக் கூட்டத்தில் இருந்திருக்கும் என்று காட்டும் சுமை வாதியின் தலையில்.

தகவல் தரும் கடமை பற்றிய வழக்குகளில் இந்தச் சுமை வேறு வடிவம் எடுக்கிறது. 2015 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அளித்த மான்ட்கோமரி தீர்ப்பு ஒரு பிரசவத்திலிருந்து பிறந்தது. தாய்க்கு நீரிழிவு, குட்டையான உடல்வாகு, குழந்தை பெரிது. இத்தகைய தாய்மார்களுக்குத் தோள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு ஒன்பது முதல் பத்து விழுக்காடு வரை இருந்தது. அதைச் சொன்னால் பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள், அது தாய்க்கு நல்லதல்ல என்று கருதியதால் மருத்துவர் அதைப் பற்றிப் பேசவில்லை. 1999-ல் நடந்த அந்தப் பிரசவத்தில் தலை வெளிவந்ததற்கும் உடல் வெளிவந்ததற்கும் இடையே 12 நிமிடம் கடந்தது. குழந்தைக்குப் பெருமூளை வாதமும் கை நரம்புப் பாதிப்பும் ஏற்பட்டன. நீதிமன்றம், அந்தத் தாயின் நிலையில் உள்ள ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய எந்த அபாயத்தையும் மாற்று வழிகளோடு சொல்லியாக வேண்டும் என்றது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992-லேயே சென்ற பாதை அது. இந்தியாவில் 2008-ன் சமீரா கோலி தீர்ப்பு சம்மதத்தை வலியுறுத்தினாலும், எவ்வளவு தகவல் போதும் என்பதைப் பெரும்பாலும் மருத்துவத் துறையின் ஏற்கப்பட்ட நடைமுறையைக் கொண்டே அளந்தது. இவற்றை ஒப்பிட்டு எழுதுவது ஆய்வாளருக்குச் சுவையான வேலை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவங்களில் கை நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது சிறு பகுதியில் மட்டுமே, மூளை பாதிக்கப்படுவது அதைவிட அரிது. அபாயத்தை எந்த எண்ணால் சொல்வது, மாட்டிக்கொள்ளும் வாய்ப்பாலா, அதன் பின்விளைவுகளின் வாய்ப்பாலா என்பதில்தான் மருத்துவரின் மௌனத்துக்கும் தாயின் தேர்வுக்கும் இடையிலான வழக்கு நடந்தது.

நேர்காணல்களைப் பற்றி. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஒரு தொடக்கம் மட்டுமே. வழக்கு நடந்துகொண்டிருக்கும் குடும்பத்தை நேர்காணல் செய்வதை நான் தவிர்க்கிறேன். என்னிடம் சொன்னதையும் மனுவில் எழுதியதையும் ஒப்பிட்டுக் காட்ட எதிர்த்தரப்பு முயலக்கூடும். ஆய்வுக் குறிப்புகளுக்கு வழக்கறிஞர்–கட்சிக்காரர் உறவில் உள்ள இரகசியப் பாதுகாப்பு கிடையாது. வழக்கு முடிந்த குடும்பங்களிடம் 'என்ன தவறு நடந்தது' என்று கேட்டால் கிடைப்பது வழக்கறிஞர் வடித்த விடை. 'அன்று காலையிலிருந்து சொல்லுங்கள்' என்றால் வேறு ஒன்று கிடைக்கும். "வலி வர ட்ரிப்ஸ் போட்டாங்க. அப்புறம் குழந்தை உள்ளேயே மோஷன் போயிருச்சுன்னாங்க. பிறந்ததும் அழவே இல்லை" என்று ஒரு தாய் மூன்று வாக்கியங்களில் சொன்னதை, நோயாளிக் குறிப்பேடு வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் மருந்தின் அளவு, மெகோனியம் எனப்படும் குழந்தையின் முதல் மலத்தின் தடிமன், ஆப்கர் மதிப்பெண் என்று பல பக்கங்களில் சொல்கிறது. இரண்டும் எங்கே பொருந்துகின்றன என்று பார்ப்பதைவிட, எங்கே ஒன்று பேசும்போது மற்றது மௌனமாக இருக்கிறது என்று பார்ப்பது பலன் தரும். அந்தத் தாயின் கதையில் இரண்டாவது வாக்கியத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையே யாரும் எதுவும் சொல்லாத நீண்ட நேரம் இருந்தது. குறிப்பேட்டிலும் அதே இடத்தில் வெற்றிடம் இருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் பேச முன்வருவது அரிது. அதற்கு வழக்கு பற்றிய அச்சம் ஒரு காரணம். தங்கள் கையில் நடந்ததை மறக்க முடியாமல் இருப்பது இன்னொரு காரணம். அவர்களையும் நேர்காணல் செய்யாத ஆய்வேடு பாதி ஆய்வேடு.

வெளியான தீர்ப்புகளை வைத்துப் புள்ளிவிவரம் எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். வலுவான வழக்குகள் பெரும்பாலும் சமரசத்தில் முடிந்து, தொகையும் வெளியே தெரியாமல் போகின்றன. மிகப் பலவீனமானவை தொடங்கப்படுவதே இல்லை. தீர்ப்பு வரை வருபவை, இரு தரப்பும் வெல்ல முடியும் என்று நம்பிய நடுத்தர வழக்குகள். அவற்றில் மருத்துவமனைகள் எத்தனை முறை வென்றன என்று எண்ணி, அதிலிருந்து பிரசவ அறைகளின் தரத்தைப் பற்றி முடிவு சொல்ல முடியாது.

இவ்வளவு படித்தபின், தவறை நிரூபிக்கத் தேவையில்லாத இழப்பீட்டு முறைகளை நோக்கி என் மனம் சாய்ந்திருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. அமெரிக்காவில் வர்ஜீனியா 1987-லும் புளோரிடா 1988-லும் பிறப்பு நேர நரம்பியல் காயங்களுக்கென நிதியங்களை உருவாக்கின. அந்த வரையறைக்குள் வரும் குடும்பங்கள் பொதுவாக வழக்குத் தொடுக்கும் உரிமையை இழக்கின்றன. காப்பீட்டுச் செலவு உயர்ந்து மகப்பேறு மருத்துவர்கள் தொழிலை விட்டு விலகியதே அவற்றுக்கு உடனடித் தூண்டுதல் என்பதால், நிதியத்தைக் காப்பதும் குழந்தையைக் காப்பதும் அங்கே அடிக்கடி மோதிக்கொண்டன. புளோரிடாவில் பெற்றோருக்கான தொகை ஒரு லட்சம் டாலரிலிருந்து இரண்டரை லட்சமாக உயர 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் முறை எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. புகுஷிமா மாகாணத்தில் ஒரு தாயின் இறப்பு தொடர்பாக 2006-ல் மகப்பேறு மருத்துவர் ஒருவர் கைது செய்யப்பட்டு 2008-ல் விடுதலையான பின்னணியில், 2009 ஜனவரியில் அது தொடங்கியது. கடுமையான பெருமூளை வாதத்துக்கு மொத்தம் மூன்று கோடி யென்: தொடக்கத்தில் அறுபது லட்சம், பிறகு இருபது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் பன்னிரண்டு லட்சம். அதோடு ஒவ்வொரு பிரசவமும் தனியே ஆராயப்பட்டு, காரணம் பற்றிய அறிக்கை குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் தரப்படுகிறது. பல குடும்பங்கள் நீதிமன்றத்துக்குப் போவதே, என்ன நடந்தது என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் என்பதை நேர்காணல்களில் கேட்டிருக்கிறேன். பணம் மட்டும் கொடுத்துக் காரணத்தைச் சொல்லாத நிதியம் அவர்களுக்குப் பாதியைத்தான் தருகிறது.

இந்த ஆய்வைச் செய்பவரிடம் தெரிந்தவர்கள் வழியாகப் பெற்றோர்கள் வருவார்கள். வழக்கில் வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு நான் விடை சொல்வதில்லை. அது வழக்கறிஞரும் மருத்துவ நிபுணரும் ஆவணங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. காலவரம்பையும் ஆவணங்களையும் பற்றி மட்டும் பேசுகிறேன். இங்கிலாந்தில் குழந்தை சார்பான வழக்குக்குப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு, மகப்பேறு ஆவணங்களை 25 ஆண்டுகள் வைத்திருக்கும் நடைமுறையும் உண்டு. இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டுகளே. தாமதத்தைப் பொறுத்தருளக் கோர தக்க காரணம் காட்ட வேண்டும். 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பெருமூளை வாதம் உறுதியாகவே ஓரிரு வயதாகிவிடும் என்பதால், அதற்குள் காலம் கரைந்துவிடுகிறது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல், பிரசவ அறையின் முழுக் குறிப்புகள், பிரசவம் முன்னேறுவதைக் குறிக்கும் வரைபடமான பார்ட்டோகிராஃப், சிடிஜி தாளின் அசல் அல்லது முழு நீள நகல், கொடுத்த மருந்துகளின் நேரப் பட்டியல், தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனை முடிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவின் கேஸ் ஷீட், ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடு ஆகியவற்றை எழுத்து மூலம் கேட்டு, கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சிடிஜி தாள் கையில் கிடைத்தால் அன்றே அளவுகோலோடு சேர்த்து ஒளிப்படம் எடுத்துவிட்டு, வெளிச்சம் படாத உறையில் வைக்க வேண்டும். நினைவில் உள்ளதை, அடுத்தவரிடம் கேட்டுச் சரிபார்க்காமல், தாயும் உடனிருந்தவரும் தனித்தனியே எழுதித் தேதியிட வேண்டும். இரண்டும் பொருந்தாத இடங்களைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.